மாதத் திட்டமா, வாசலில் வந்து நிற்கும் ஆளா?

கேள்வி: வட இந்தியக் கிராமப் பணித்தளம் ஒன்றில் மிஷனரியாகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. மாதத் தொடக்கத்தில் மிஷன் அலுவலகக் காரியதரிசிக்குத் திட்டம் அனுப்ப வேண்டும், மாதக் கடைசியில் அறிக்கை. ஆனால் தினமும் யாராவது வந்து கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு, ரேஷன் கார்டு மனு எழுத, வீட்டுச் சண்டை தீர்க்க. போனால் திட்டம் கெடுகிறது. போகாவிட்டால் மனசு உறுத்துகிறது. மூத்த ஊழியர் ஒருவர் "ஒழுங்கு இல்லாதவன் ஊழியத்துக்கு லாயக்கில்லை" என்கிறார். இன்னொருவர் "ஆவியானவர் நடத்துகிறபடி போ, திட்டமெல்லாம் மாம்சம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? காரியதரிசிக்கு என்ன எழுதுவது?

பதில்:

தம்பி, அந்த ஒழுங்கு யாருக்காக இருக்கிறது என்று உங்கள் மூத்தவர்கள் இருவருமே கேட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் மாதத் திட்டத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று, இதை நான் செய்யாவிட்டால் யார் ஏமாறுவார்கள் என்று கேளுங்கள். செவ்வாய் இரவு ஜெபக்கூட்டம் என்று ஒரு வரி இருக்கும். வயல் வேலை முடித்து, குளித்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு நாலைந்து குடும்பங்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கும். அது அவர்களுடைய நேரம். அதைக் கலைக்க உங்களுக்கு அவ்வளவு சுலபத்தில் உரிமை கிடையாது. "புதிய கிராமங்கள் சந்திப்பு: பத்து" என்று இன்னொரு வரி இருக்கும். பத்து எட்டானால் எந்தக் கிராமத்திலும் யாரும் ஏமாறப் போவதில்லை, அறிக்கையில் ஓர் எண் குறையும், அவ்வளவுதான். முதலாவதை இறுக்கிப் பிடியுங்கள், இரண்டாவதைத் தளர விடுங்கள். புதிதாகக் களத்துக்கு வருகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எண்ணைக் காப்பாற்ற ஓடுகிறார்கள், திண்ணையில் காத்திருப்பவர்களுக்கு "இன்று வர இயலவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப் செய்தி போகிறது.

நம் மண்ணில் முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளாக வந்தவர்கள் சீகன்பால்கும் புளூட்சோவும். 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் கால் வைத்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் தன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சீகன்பால்க் எழுதியது கிடைக்கிறது. காலை ஆறு முதல் ஏழு வரை ஞானோபதேசம். ஏழு முதல் எட்டு வரை, ஏற்கெனவே கற்ற தமிழ்ச் சொற்களைத் திரும்பப் படிப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை, இதுவரை வாசிக்காத தமிழ் நூல்களை ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு வாசிப்பது. புதிய சொல் வந்தால் குறித்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் எழுத்தர் இருப்பார். சாப்பிடும்போதும் யாராவது வாசிக்க இவர் கேட்பார். ஒன்று முதல் இரண்டு வரை வெயில் தாங்காது என்று ஓய்வு. மூன்று முதல் ஐந்து வரை மறுபடி தமிழ் நூல்கள். ஐந்து மணிக்கு ஜெபம். ராத்திரி விளக்கொளியில் அதிகம் வாசித்தால் கண் கெடும் என்று, எழுத்தரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது.

பார்த்தால் மடத்து மணி அடித்த மாதிரி இருக்கும். ஆனால் மாலை ஆறு முதல் ஏழு வரை என்ன என்று பாருங்கள். அன்று நடந்தவற்றைப் பற்றி உடன் ஊழியர்களோடு உட்கார்ந்து பேசுவது. திட்டமிட முடியாத விஷயங்களுக்கென்று அந்தத் திட்டத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் தெரியவில்லை, நாளைக்கு யாரைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் பேசத்தான் இடம் இருக்கிறது. உங்கள் கால அட்டவணையில் அப்படி ஒரு மணி நேரம் இருக்கிறதா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இன்று பயிற்சி கொடுக்கிற பல இடங்களில் அதிகாலை ஜெபத்துக்கும் இரவு தியானத்துக்கும் நேரம் போடச் சொல்லித் தருகிறார்கள், நடுவில் வந்து விழுந்தவற்றை எடுத்து அடுக்கிப் பார்க்க ஒரு நேரம் வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அப்புறம் அவருக்கு நேர்ந்த குறுக்கீடுகளையும் பாருங்கள். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்குகிறார். அடுத்த மாதமே டேனிஷ் கோட்டைத் தளபதியோடு மோதல் முற்றிச் சிறையில் போடுகிறார்கள். நாலு மாதம். 1709-இல் வெளியே வந்து விட்ட இடத்தில் தொடர்கிறார். 1711 மார்ச்சில் புதிய ஏற்பாடு முடிகிறது. நாலு மாதம் கழித்து வந்தும் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, ஏனென்றால் தினமும் செய்துவந்த வேலை அது. உற்சாகம் வந்தபோது மட்டும் எழுதிவந்த ஆளாக இருந்தால் நாலு மாதச் சிறையோடு அந்த மொழிபெயர்ப்பும் நின்றிருக்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது மூத்தவர் பக்கம் வருவோம். "ஆவியானவர் நடத்துகிறபடி" என்பதற்கு அவர் அநேகமாக வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தைத்தான் காட்டுவார். பவுலுக்கு ஆசியாவில் வசனம் சொல்லத் தடை, பித்தினியாவுக்குப் போகத் தடை, துரோவாவில் இராத்திரி தரிசனம், மக்கெதோனியாவுக்குப் பயணம். சரி, அந்த அதிகாரத்தையே மெதுவாக வாசிப்போம். பவுல் ஏன் அந்தப் பக்கம் போனார்? 15-ஆம் அதிகாரக் கடைசியில் இருக்கிறது: ஏற்கெனவே வசனம் அறிவித்த பட்டணங்களுக்கெல்லாம் திரும்பப் போய்ச் சகோதரர் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க. அதாவது வழக்கமான சபைச் சந்திப்பு. அந்தப் பயணத்தில் இருந்தபோதுதான் தடையும் தரிசனமும். தரிசனம் கண்டது பவுல் ஒருவர். ஆனால் போக வேண்டும் என்று நிச்சயித்தபோது "நாங்கள்" என்று பன்மையில் எழுதியிருக்கிறது. பிலிப்பிக்குப் போய்ச் சேர்ந்ததும் அதிரடியாக எதுவும் நடக்கவில்லை. சில நாள் தங்கியிருந்து, ஓய்வுநாள் வந்ததும் ஆற்றங்கரையில் ஜெபம் நடக்கிற இடத்துக்குப் போகிறார்கள். சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட லீதியாள் என்ற பெண் கிடைப்பது அங்கே. குறிசொல்லும் பெண் எதிர்ப்படுவதும் ஜெபிக்கிற இடத்துக்குப் போகும் வழியில்தான். அதே நடபடிகளில் 3-ஆம் அதிகாரம்: பேதுருவும் யோவானும் ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் தேவாலயத்துக்குப் போகிறார்கள், வாசலில் சப்பாணி. அந்த மனிதனைத் தினமும் அங்கே கொண்டுவந்து வைப்பார்கள் என்று எழுதியிருக்கிறது. அவனும் தினம் வருகிறவன், இவர்களும் வழக்கமான நேரத்துக்குப் போகிறவர்கள்.

அதே பவுல் எபேசுவில் என்ன செய்தார்? திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருஷம் அநுதினமும் பேசினார். இந்த இரண்டு வருஷத்தைப் பற்றி எழுப்புதல் கூட்டங்களில் அதிகம் கேட்க முடியாது. மக்கெதோனியா அழைப்புதான் மேடைக்கு ஏற்றது.

இதற்காக அவர் சொல்வது முழுக்கத் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடத்துதல் உண்டு. ஆனால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாக உங்களுக்கு வந்த ஏவுதல்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அவை எல்லாமே உங்களுக்குப் பிடித்த திசையில் போகின்றனவா? கடினமான கிராமத்துக்குப் போக வேண்டிய நாளில் மட்டும் வேறு இடத்துக்குப் போகச் சொல்லி ஏவுதல் வருகிறதா? திட்டத்தை மாற்றியதற்காகக் கொரிந்து சபை பவுலையே கேள்வி கேட்டது. ஆம் ஆம் என்பான், அல்ல அல்ல என்பான் என்று பேச்சு வந்தது போலிருக்கிறது. அவர் "ஆவியானவர் சொன்னார், கேட்காதே" என்று வாயை அடைக்கவில்லை. இரண்டாம் நிருபத்தில் முதல் அதிகாரத்திலேயே உட்கார்ந்து காரணம் சொல்கிறார்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார். திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து கதவைத் தட்டியதும், பிரசவ வேதனையில் இருந்த மனைவிமாரை ஆண் மருத்துவர் பார்க்க அவர்கள் சம்மதிக்காததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதும் மிஷனரிக் கூட்டங்களுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். அந்த இரவைப் பற்றிப் பிரசங்கம் செய்யாத ஆள் இல்லை. ஆனால் அன்று அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். அவர் டாக்டர் இல்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்ச் சொந்த வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ள நினைத்திருந்த பெண். அந்தத் தட்டலுக்கு அவர் கொடுத்த பதில் பல வருஷப் பாடத்திட்டம். 1899-இல் கார்னெலில் மருத்துவப் பட்டம், 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடக்கம், 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

சாலையோர மருத்துவம் என்று அவர் நடத்தியது உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். முதலில் மாட்டுவண்டி, 1909 வாக்கில் மோட்டார் கார். குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் போவார். வண்டி எந்தெந்த மரத்தடியில் நிற்கும் என்று சனங்களுக்குத் தெரியும். நடந்து வருகிறவர்களும் தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்களும் அங்கே காத்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, முடியாதவர்களை வேலூருக்கு ஏற்றிக்கொண்டு வருவது. அங்கே யார் வருவார்கள், என்ன நோயோடு வருவார்கள் என்று அவர் கையில் பட்டியல் கிடையாது. நாளும் சாலையும் மரமும்தான் நிலையானவை. நாளை மாற்றிக்கொண்டே இருந்திருந்தால், பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் எந்த மரத்தடியில் போய் நிற்பான்? நீங்கள் எங்கே, எப்போது இருப்பீர்கள் என்று ஊருக்குத் தெரிந்தால்தான் எதிர்பாராத ஆள் உங்களைத் தேடி வர முடியும். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் ஒழுங்கும் எதிர்பாராததும் ஒன்றுக்கொன்று எதிரி என்று வைத்துக்கொண்டுதான் உங்கள் கேள்வியே எழுந்திருக்கிறது.

தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் செய்ததும் இந்த வகைதான். ஹைதர் அலி படையெடுப்புக் காலத்தில் கோட்டைக்குள் பசி. வெளியே ஊர்களில் நெல் இருந்தது, ஆனால் அரண்மனையையோ கிழக்கிந்தியக் கம்பெனியையோ நம்பிக் கொடுக்க விவசாயிகள் தயாராக இல்லை, காசு வராது என்று அனுபவம். சுவார்ட்ஸ் தன் வாக்கைக் கொடுத்துக் கேட்டார், மாடுகளும் நெல்லும் வந்தன, அவரும் பணத்தைத் தீர்த்தார். அந்த அவசரத்துக்கு எந்த மிஷன் திட்டத்திலும் இடம் இல்லை. ஆனால் 1750 முதல் இந்த மண்ணில் தமிழ் பேசி, பாடம் சொல்லி, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நின்ற ஆளாக அவர் இல்லாமல் இருந்தால் அந்த வாக்கை யார் வாங்கியிருப்பார்கள்?

ஏமி கார்மைக்கேல் அம்மையார் கதையை வேறு காரணத்துக்காகச் சொல்ல வேண்டும். அவருடைய ஊழியம் முதலில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் போவது. சில தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வண்டி கட்டிக் கிளம்பி, முகாம் போட்டு, அடுத்த ஊர். 1901 மார்ச்சில் பண்ணைவிளைக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை, கோயிலுக்கு விடப்பட இருந்த ஏழு வயதுப் பெண்குழந்தை ஒன்று தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்கிறது. வைத்துக்கொள்கிறார். அதன்பின் இன்னொன்று, இன்னொன்று. பச்சைக் குழந்தைகளும் வந்தன. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடும் என்று நம் ஊர்ப் பேச்சில் சொல்வதை அவரே எடுத்து எழுதியிருக்கிறார். ஊர் சுற்றிச் சுவிசேஷம் சொன்னவர் தோனாவூரில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கிறார் என்று சக மிஷனரிகளில் சிலருக்குக் குறையும் இருந்தது.

இதை "பார், திட்டத்தை உதறினார்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். உதறினார்தான். ஆனால் மறுநாளிலிருந்து என்ன நடந்தது? கைக்குழந்தைக்கு மணிக்கு மணி பால் வேண்டும். பால் கொதிக்க வேண்டும், பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், ராத்திரி யார் முழித்திருப்பது என்று முறை போட வேண்டும். நோஞ்சான் குழந்தைகளுக்காக மருத்துவமனை பக்கத்தில் இருக்கட்டும் என்று நெய்யூரில் தனியாக ஒரு குழந்தைகள் காப்பகமே நடத்த வேண்டிவந்தது. ஒரு குறுக்கீட்டுக்குச் "சரி" சொல்ல ஒரு நிமிடம் போதும். அதன் பிறகு அது ஐம்பது வருஷ ஒழுங்காக மாறி உங்கள் தலையில் உட்காரும். 1931-இல் களக்காட்டில் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்த வருஷங்களிலும் அந்த வீடு ஓடியதென்றால், அன்றாட வேலைகள் மற்றவர்கள் கையில் பழகிப் போயிருந்ததால்தான். ஆகவே யாராவது வந்து நிற்கும்போது "இப்போது போகலாமா" என்பதோடு நிறுத்தாதீர்கள். அடுத்த வாரமும் இதற்குப் போக முடியுமா, முடியாவிட்டால் யாரிடம் ஒப்படைப்பேன் என்றும் சேர்த்துக் கேளுங்கள். ரேஷன் கார்டு மனுவுக்கு ஒருமுறை தாலுகா ஆபீஸுக்குப் போனால், அடுத்த மாதம் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள். அது கெட்டதில்லை. வாரத்தில் ஒரு காலை நேரத்தை மனு எழுத என்று வைத்துவிடுங்கள், ஊரில் படித்த பையன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்குங்கள். சில மாதத்தில் உங்களைத் தேடுவதை விட்டு அவனைத் தேடுவார்கள்.

இனி நடைமுறை. வாரத்தில் மூன்று நான்கு விஷயங்களை மட்டும் அசையாமல் வையுங்கள்: உங்கள் காலை ஜெபமும் வேதவாசிப்பும், மொழிப் படிப்பு, மக்கள் காத்திருக்கும் கூட்டங்கள், ஓர் ஓய்வு நாள். முதல் ஓராண்டில் மொழியை விட்டுக்கொடுப்பதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் அதை விட்டதற்காக யாரும் வந்து சண்டை போட மாட்டார்கள். மற்ற நேரத்தில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். பாதி காலியாக இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். கிராமத்து நேரத்தைப் பார்த்துப் போடுங்கள். நடவு, அறுவடை மாதங்களில் காலை பத்து மணிக்கு வீடு சந்திக்கப் போனால் கிழவியும் நாயும்தான் இருக்கும். சந்தை நாளில் சந்தையில் இருங்கள். காத்திருக்கும் கூட்டத்தைக் கலைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், உயிர் போகும் காரியம் என்றால் தாராளமாகக் கலையுங்கள், ஆனால் ஆள் அனுப்பிச் சொல்லுங்கள், அதே வாரத்தில் போய் ஈடு செய்யுங்கள்.

திடீர்க் கூட்டம், திடீர்க் கைப்பிரதி விநியோகம் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் இருக்கும் மாநிலத்தின் மதமாற்றச் சட்டம் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். ஒடிசாவில் 1967 முதலும் மத்தியப் பிரதேசத்தில் 1968 முதலும் சட்டம் இருக்கிறது, பிறகு வேறு பல மாநிலங்களும் கொண்டுவந்தன. உங்களுக்கு ஏவுதல் வந்து ஒரு நாள் தெருவில் நின்று பேசிவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விடலாம். போலீஸ் வந்து விசாரிப்பது அங்கேயே பிறந்து அங்கேயே இருக்கும் விசுவாசி வீட்டில். அவர்களைக் கேட்காமல் அவர்கள் ஊரில் ஒன்றும் செய்யக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று: கல்யாணம் ஆனவரா? ஆனவர் என்றால், நீங்கள் சந்தோஷமாகச் "சரி" சொல்லும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் பாதிச் செலவு உங்கள் மனைவி கணக்கில் போகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேரோடு வந்து நிற்கிறீர்கள், உலை மறுபடி ஏறுகிறது. பிள்ளைக்குப் பள்ளியில் கூட்டம், நீங்கள் ஆஸ்பத்திரியில். இதை விருந்தோம்பல், தியாகம் என்று ஜெபக்கடிதத்தில் எழுதிவிடுவது சுலபம். வாரத்தில் இரண்டு மாலை நேரமாவது வீட்டுக்கென்று ஊருக்குத் தெரியும்படி வைத்துவிடுங்கள். கிராமத்து மக்கள் இதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, நம்மைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

காரியதரிசி விஷயம். அறிக்கைப் படிவத்தில் எண் கேட்டால் உள்ள எண்ணை எழுதுங்கள், கூட்டி எழுதாதீர்கள். அதற்குக் கீழே தனியாக "திட்டத்தில் இல்லாதவை" என்று ஒரு தலைப்பு போட்டு, யாருக்காக, எத்தனை மணி நேரம், அதனால் எது விடுபட்டது, அதை எப்போது ஈடு செய்தீர்கள் என்று இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். "ஆவியானவர் நடத்தினபடி பல இடங்களுக்குச் சென்றேன்" என்று மட்டும் எழுதினால் அலுவலகத்தில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது, நீங்கள் வீட்டில் படுத்திருந்தீர்கள் என்றுகூட நினைக்கலாம். மூன்று நான்கு மாதம் இப்படி எழுதினால், எந்த நாளில் எந்த மாதிரிக் கூப்பிடுதல் வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த காலாண்டில் புதிய கிராமங்கள் பத்து வேண்டாம், ஐந்து போதும் என்று கேளுங்கள். காரணத்தோடு கேட்டால் பெரும்பாலான காரியதரிசிகள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களிலும் பலர் களத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள்தானே.